கேக்கறதே வேலையா இருந்த மேடம்

அத்தி வரதரு கொளத்துல இருந்து மேல வந்தாரே, ஊரு கொள்ளாம ஜனம் வந்துதே, சந்துக்கு சந்து போலீசு கட்டை கட்டி எங்க வூட்டுக்கு நாங்களே ஊரச் சுத்திக்கினு போனோமே, அந்த வருசம்தான் இது நடந்தது. அதுக்குக் கொஞ்சம் முந்தி, மாசி மாசம். ஏகாம்பரநாதர் கோயில்ல பங்குனித் திருவிழாவுக்குப் பந்தக்கால்கூட நடல. காலையில ஸ்கூல் வேன்ல புள்ளைங்கள ஏத்திக்கினு வரேன், ரங்கசாமி கொளம் முக்குல புதுசா ஒரு பேனரு கட்டியிருக்குது. பேனரு நெறைய ஒரு பொண்ணு மூஞ்சி. சிரிக்குது, முன்பல்லு ரெண்டு இல்ல. யாருன்னு பாத்தா நம்ம பொண்ணு! என் வண்டியில எனக்குப் பின்னாடி சீட்டுல குந்தியிருக்கிற அதே பொண்ணு. நான் வண்டிய ஓரம் கட்டி, கைய நீட்டிக் காட்டுனேன். அது ஜன்னல்ல மூக்க அழுத்திக்கினு பாத்துது, அப்பால வெக்கப்பட்டுக்கினு சீட்டுக்கு அடியில பூந்துக்கிச்சு. மத்த புள்ளைங்கலாம் குதிக்குதுங்க. இந்த ஊர்ல பேனர்ல மூஞ்சி வரணும்னா காது குத்தணும், கல்யாணம் ஆவணும், கட்சியில சேரணும், இல்லாட்டி செத்துப் போவணும். இது எதுவும் இல்லாம ஒரு நெசவுக்காரர் பொண்ணு நடு ஊர்ல சிரிச்சிக்கினு நிக்குதேன்னு எனக்கு ஒரே பெருமை. மூஞ்சிக்குக் கீழ ரெண்டு வரி எழுதியிருந்துது. எனக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதே டிரைவரான அப்பாலதான்.

அந்த ஸ்கூலு செவிலிமேட்டுல, காது கேக்காத புள்ளைங்களுக்கு. ஒரு டிரஸ்டு நடத்துது. செக்ரட்டரி ஐயா ரிட்டயர்டு வாத்தியாரு. அவரு பொண்ணுக்கே காது கேக்காது. அதுக்காக ஒரு ஷெட்டுல ஆரம்பிச்சு, கட்டடமாக்கி, வேனு வாங்கி, இத்தனையும் பண்ணவரு. அவர நான் கொற சொல்ல மாட்டேன். நான் லாரியில கிளீனரா இருந்து, டிரைவராகி, முதுகு போனப்பறம் அந்த வேனுக்கு வந்தேன். புள்ளைங்க போடாத இரைச்சல் கெடையாது. காது கேக்காத புள்ளைங்கன்னா அமைதியா இருக்கும்னு நீங்க நெனச்சா, ஒரு நாள் அந்த வண்டியில ஏறிப் பாருங்க.

நான் சொல்ல வந்தது அந்த மேடத்தப் பத்தி. அவங்க வேலைக்கு இங்கிலீஷ்ல நீட்டா ஒரு பேரு இருந்துது, கதவுல போர்டுகூட மாட்டியிருந்தாங்க. எங்களுக்கு வாயில நொழையல. டொனேஷன் மேடம்னு சொல்லுவோம். மெட்ராஸ்ல சோசியல் ஒர்க் படிச்சவங்க. எங்க ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடி கண்ணாஸ்பத்திரி ஒண்ணுக்கு, முதியோர் இல்லம் ஒண்ணுக்குன்னு இதே வேலையதான் செஞ்சாங்களாம். ஒருத்தர் வூட்டு வாசல்ல போயி பொறந்தநாளுக்கு சோறு போடுங்கன்னு கேக்கற வேலை இல்ல அது. கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்க தருமத்துக்கு ஒதுக்கணும்னு சட்டம் இருக்குதாம். அந்தப் பங்கு எந்தக் கம்பெனியில இருக்குது, யாரு கையெழுத்துப் போடணும், அவரு இன்னா கேட்டா சந்தோசப்படுவாரு, மார்ச்சு முடியறதுக்குள்ள எத்த எழுதி அனுப்பணும், இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கிறதுதான் அவங்க வேலை. "தாத்தா, எனக்கு சம்பளமே கேக்கறதுக்குதான்"னு சிரிப்பாங்க. ஆனா அவங்க அம்மா, கல்யாண வூட்ல யாராவது பொண்ணு இன்னா வேலை பாக்குதுன்னு கேட்டா, ஆபீசு வேலைன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திடுவாங்களாம். "படிச்சிப்புட்டு பிச்சை எடுக்கறியேடின்னு வூட்ல திட்டறாங்க தாத்தா"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. அப்பவும் சிரிச்சிக்கினுதான் சொன்னாங்க.

கம்பெனிக்காரங்க பாக்க வர்ற நாள்ல நான்தான் வண்டி. அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. "காஞ்சிபுரத்துல ஸ்கூல் இருக்கறதே பாதி வேலை முடிஞ்ச மாதிரி தாத்தா. மீதிய கோயிலும் சேலையும் பாத்துக்கும்"னு மேடம் சொல்லுவாங்க. அது நெசம்தான். காலையில காமாட்சியம்மன் கோயில்ல ஸ்பெஷல் தரிசனம், அப்பால நம்ம புள்ளைங்க, மதியம் சாப்பாடு, சாயங்காலம் சேலைக் கடை. கம்பெனி அம்மாங்க கடைக்குள்ள பூந்தா வெளிய வர்றதுக்குள்ள வண்டி சூடு ஆறிடும். கல்யாணத்துக்கு எடுக்கறோம், பியூர் சரிகைதானே, வரதராஜப் பெருமாள் கோயில் தூண்ல இருக்கற அன்னம் இதுல வருமான்னு கேட்டுக்கினே இருப்பாங்க. மேடம் பக்கத்துல நின்னுக்கினு கலரு பொருத்தம் சொல்லுவாங்க. அவங்க ஒண்ணும் எடுத்து நான் பாத்ததில்ல. திரும்பி வரும்போது வண்டியில செருப்பக் கழட்டிப்புட்டு, கால நீட்டிக்குவாங்க.

கேக்கறதப் பத்தி அவங்க ஒண்ணு சொல்லுவாங்க. "கேட்டுட்டு வாய மூடிக்கணும் தாத்தா. அவங்க பேசற வரைக்கும் நாம பேசக் கூடாது. நாம பேசிட்டா, அவங்க தப்பிச்சுப் போறதுக்கு நாமளே வழி விட்ட மாதிரி." அது எவ்ளோ கஷ்டமான வேலைன்னு வாய் ஓயாத எனக்குத் தெரியும். எங்க புள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் சைகையில ஒரு பேரு வெக்கும். எனக்கு மீசைய முறுக்கற மாதிரி. மேடத்துக்கு ரெண்டு கையும் சேத்துக் கும்புடற மாதிரி. வர்ற போற எல்லாரையும் அவங்க கும்புட்டுக்கினே இருந்ததால அப்படி. அவங்களுக்கு அந்தப் பேரு புடிச்சிருந்துதா இல்லியான்னு எனக்குத் தெரியாது.

அந்த மாசியில பெரிய கம்பெனி ஒண்ணு வந்துது. எல்லாப் புள்ளைங்களுக்கும் காதுல வெக்கற மிசினு, கூட இன்னொரு வேனுக்கு டீசலு, டிரைவரு சம்பளம், எல்லாம் தரேன்னு சொல்லிட்டாங்க. பெரியவரு ஒருத்தரு நேர்ல வந்து பாக்கணும், அவ்ளோதான். அவரு வர்ற வழியில பேனரு கட்டணும்னு அவங்க ஆளு ஸ்கூல்ல இருந்து வாங்குன போட்டோவ வெச்சு மெட்ராஸ்ல இருந்தே டிசைன அனுப்பிட்டாரு. மேடம் வண்டியில வரும்போது போன்ல அத்தப் பாத்தாங்க. மூஞ்சி மாறிச்சு. உடனே போனப் போட்டு, "சார், இந்த லைன் வேணாமே சார், எங்க பசங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்க"ன்னாங்க. அந்தப் பக்கம் அவரு இன்னாமோ சொன்னாரு. இவங்க, "இல்ல சார்... புரியுது சார்... சரி சார்"ன்னு வெச்சிட்டாங்க. நான் இன்னாம்மான்னு கேட்டேன். "எல்லா ஊருக்கும் எழுத்து ஒண்ணுதானாம், மூஞ்சி மட்டும்தான் மாறுமாம் தாத்தா. மாத்தணும்னா மேல போயி அப்ரூவல் வாங்கணுமாம். அதுக்குள்ள அவரு வர்ற வெள்ளிக்கிழமை வந்துடும். விடுங்க, ஒரு நாள்தானே இருக்கப் போவுது"ன்னாங்க. எனக்குச் சொன்னாங்களா, அவங்களுக்கே சொல்லிக்கினாங்களான்னு தெரியல. அந்த லைன்ல இன்னா எழுதியிருந்துதுன்னும் அப்ப எனக்கு வெளங்கல.

அவரு வந்தாரு, பாத்தாரு, புள்ளைங்க அவருக்கும் சைகையில ஒரு பேரு வெச்சுது, சந்தோசமா சேலை எடுத்துக்கினு போனாரு. பேனரு மட்டும் அவுக்கல. எல்லாம் முடிஞ்சு திங்கக்கெழமை, புள்ளைங்கள விட்டுட்டு டீ குடிக்க முக்குல நிக்கறேன். அந்தப் பொண்ணோட அம்மா வராங்க, கூட பிள்ளையார்பாளையத்துல அவங்க தெருப் பொம்பளைங்க ஒரு நாலஞ்சு பேரு. கையில பூசணிக்கா, அதுக்கு மேல கற்பூரம். இன்னாம்மான்னு கேட்டா, "ஊரு கண்ணெல்லாம் எம்பொண்ணு மேல பட்டுதுண்ணா, சுத்திப் போட வேணாமா"ன்னுது. பஸ்ஸுக்கு நிக்கறவங்கலாம் பாக்கறாங்க. அந்தம்மா பேனருக்கு எதிர்ல நின்னு, பொண்ணு மூஞ்சிக்கு நேரா பூசணிக்காய மூணு சுத்து சுத்தி, நடு ரோட்ல ஒடைக்கப் போவுது. டிராபிக் போலீசு ஓடியாந்து, "யம்மா, இங்க ஒடைக்காத, வண்டி வழுக்கும்"னு கத்தறாரு. எல்லாரும் சிரிக்கறோம். அப்பதான் பஸ்ஸுக்கு நின்ன ஒரு காலேஜு பையன், கிண்டலா இல்ல, நெசமாவே புரியாம கேட்டான்: "ஆன்ட்டி, நீங்க இந்தப் பாப்பாக்கு இன்னா வேணும்?"

"இன்னா வேணுமா? பெத்தவடா நானு."

"இதுல பெற்றோரை இழந்த பிஞ்சுகளுக்குப் புது விடியல்னு போட்டுருக்குதே?"

அந்தம்மாவுக்கு அவன் சொன்னது மொதல்ல ஏறவே இல்ல. கூட வந்ததுல ஒருத்திதான், "யக்கா, அப்பன் ஆத்தா செத்துப் போன புள்ளைன்னு எழுதியிருக்கிறானுங்க"ன்னு ஒடச்சு சொன்னா. கற்பூரம் அது பாட்டுக்கு எரிஞ்சிக்கினு இருக்குது. அந்தம்மா அத்தக் கீழ வெக்கவும் இல்ல, ஒடைக்கவும் இல்ல. சூடு கையில பட்டப்பறம்தான் பூசணிக்காயோட குந்திடுச்சு.

அன்னிக்கு சாயங்காலமே அந்தப் பொண்ணோட அப்பா சைக்கிள்ல வந்துட்டாரு. கத்துவாருன்னு பாத்தோம். கத்தல. கிளாஸுக்குள்ள போயி பொண்ணு பையத் தூக்கித் தோள்ல மாட்டிக்கினாரு, பொண்ண இட்டுக்கினு கெளம்பிட்டாரு. டீச்சரு, கையெழுத்துப் போட்டுட்டு இட்டுக்கினு போங்கன்னு நோட்டத் தூக்கிக்கினு பின்னாடியே ஓடுனாங்க. அவரு ஸ்கூல் கேட்டாண்ட நின்னு ஒண்ணுதான் சொன்னாரு: "நான் செத்துட்டேன்னு போட்டுருக்கீங்க. செத்தவன் கையெழுத்து எதுக்கு உங்களுக்கு?" பொண்ணு பின்னாடி கேரியர்ல குந்திக்கினு, எனக்கு மீசைய முறுக்கிக் காட்டிட்டுப் போச்சு. நாளைக்கு வருவோம்னு நெனச்சிக்கினு போச்சு.

மேடம் பேனர உடனே அவுக்கச் சொன்னாங்க. மறுநாளு என்னைக் கூட்டிக்கினு பிள்ளையார்பாளையம் போனாங்க. வண்டி போவாத சந்து, நடந்துதான் போவணும். நானும் உள்ள போனேன். அவரு தறிக்குழியில கால விட்டுக்கினு நெய்ஞ்சிக்கினு இருந்தாரு, நிறுத்தல. பொண்ணு மூலையில குந்தி, தறி அடிக்கற அதிர்வ தரையில கைய வெச்சுப் பாத்துக்கினு இருந்துது. மேடம் தரையிலயே குந்திட்டாங்க. "தப்பு என்னுதுதான் சார். நான் பாத்தேன், பாத்தும் விட்டுட்டேன். பாப்பாவ அனுப்புங்க. இப்பதான் அதுக்கு உதட்டப் பாத்துப் படிக்க வருது. இப்ப விட்டா போயிடும்." கேட்டுட்டு வாய மூடிக்கினாங்க. அவங்க பழக்கம் அது. ஆனா அந்த வூட்ல அது செல்லல பாருங்க. ஆபீசு ரூம்ல நீங்க பேசாம இருந்தா அமைதி இருக்கும், எதிர்ல இருக்கறவருக்குப் பொறுக்காது, எதனா சொல்லிடுவாரு. இங்க தறி அது பாட்டுக்கு சத்தம் போட்டுக்கினே இருக்குது. அவரு நூலு ஓட்டற நாடாவ இப்படியும் அப்படியும் விட்டுக்கினே இருக்காரு. கடைசியில மேடம்தான் வாயத் தொறந்தாங்க: "நான் இன்னா செய்யணும்னாவது சொல்லுங்க."

அப்பதான் தறி நின்னுது. "அதே முக்குல, அதே அளவுல, அதே பொண்ணு மூஞ்சி போட்டு, இவளுக்கு அப்பன் இருக்கறான், ஆத்தா இருக்கறா, நாங்க எழுதுனது தப்புன்னு போடுங்க. ஊரு பாத்தத ஊரு பாக்கட்டும்."

"அத அவங்க ஒத்துக்க மாட்டாங்க சார்."

"நான் உங்கள ஒண்ணும் சொல்லல மேடம். கேக்கறது உங்க தொழிலு. எம்பொண்ணக் காட்டிக் கேளுங்க, வேணாங்கல. எங்களக் கொன்னுட்டுக் கேட்டீங்க பாருங்க, அது." சொல்லிட்டு மறுபடி தறிய அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்தாளு சொன்னதுல நியாயம் இருக்குது. பொண்ணு படிப்ப நிறுத்துனது நியாயமான்னு கேட்டா, அது இல்ல. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்துது, நான் இன்னா பண்றது.

மேடம் அப்பறமும் போனாங்க. வாரத்துக்கு ஒரு தபாவாவது போவாங்க. அந்தம்மா காபி குடுக்கும், அவரு தறிய விட்டு எழ மாட்டாரு. இங்க ஸ்கூல்ல செக்ரட்டரி ஐயா கையப் பெசஞ்சிக்கினு இருந்தாரு. மார்ச்சு முடியறதுக்குள்ள மிசினு குடுக்கற விழா. "ஒரு பொண்ணுக்காக இத்தன புள்ளைங்க காத பணயம் வெக்க முடியாதும்மா. அந்தக் கம்பெனிய மொகஞ்சுளிக்க வெச்சா அடுத்த வருசம் வண்டி ஓடாது"ன்னு அவரு சொன்னது வராண்டாவுல எனக்கே கேட்டுது. அவரும் சும்மா சொல்லல. உத்திரமேரூர் பக்கத்து ஊர்ங்கள்ல இருந்து புள்ளைங்க வர்றதுக்குதான் அந்த ரெண்டாவது வேனு. அது இல்லாம அதுங்க எப்படி வரும்? மேடம் அந்த நாளுல சரியா சாப்புடறதில்ல. வண்டியில போன் அடிச்சாகூட எடுக்காம வெறிச்சுப் பாத்துக்கினு இருப்பாங்க. "தாத்தா, இந்த வேலையில நான் யாருக்காக கேக்கறேன்னு மறந்து போச்சு தாத்தா"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. மழை வர்ற மாதிரி இருக்குதும்மான்னு இன்னாமோ ஒளறுனேன்.

விழா அன்னிக்கு கம்பெனிப் பெரியவரு, ஊருப் பெரிய மனுசங்க, புள்ளைங்களப் பெத்தவங்க, எல்லாரும் வந்துட்டாங்க. மேடம் வரவேற்புரை சொல்லணும். எழுதி வெச்சிருந்தத மடிச்சிட்டாங்க. "பேனர்ல இந்தப் பசங்களுக்கு அப்பா அம்மா இல்லன்னு போட்டோம். அது பொய். அத நான் பாத்துட்டுதான் விட்டேன். இவங்களப் பெத்தவங்க இங்கதான் இருக்காங்க. தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க"ன்னாங்க. டீச்சரு பக்கத்துல நின்னு எல்லாத்தையும் சைகையில புள்ளைங்களுக்குச் சொல்றாங்க. மொதல்ல யாரும் எழல. பூ விக்கற அம்மா ஒண்ணு எழுந்துது. அப்பால கொத்தனாரு ஒருத்தரு. அப்பால ஒவ்வொருத்தரா, நாற்காலிங்க கிறீச்சு கிறீச்சுன்னு நகர்ற சத்தம். புள்ளைங்க திரும்பிப் பாத்து, அதுங்க அம்மா அப்பாவக் கை காட்டிக் காட்டி ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிதுங்க. கம்பெனிப் பெரியவரு நல்ல மனுசன், அவருக்குப் பேனர்ல இருந்ததே தெரியாதுன்னு நெனக்கிறேன், கைதட்டுனாரு. டிசைன் அனுப்புனவரு மட்டும் தட்டல. அந்த நெசவுக்காரரு வரல. யாருக்காக அந்தப் பேச்சோ, அவரு அங்க இல்ல. மேடம் வாசல் கேட்டு வரைக்கும் பாத்துப் பாத்துப் பேசுனாங்க.

எல்லாப் புள்ளைக்கும் காதுல மிசினு வெச்சாங்க. அந்தப் பொண்ணு பேர்ல வந்தது வேற ஒரு புள்ளைக்குப் போச்சு. மாசம் முடியறப்ப மேடத்த நின்னுக்கச் சொல்லிட்டாங்க. ஆபீசு போனு, ஆபீசு லேப்டாப்பு எல்லாம் குடுத்துட்டு, ஒரு பையோட வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டு போயி விட்டேன். "பாப்பாவையும் கொண்டு வர முடியல, வேலையும் போச்சு. அவங்கப்பாகிட்டயும் கேட்டேன், ஐயாகிட்டயும் கேட்டேன், ரெண்டும் கெடைக்கல தாத்தா"ன்னாங்க. மெட்ராஸ் பஸ்ஸுல ஏறிட்டாங்க. அதான் கடைசி.

ஆனி மாசம் ஸ்கூல் தொறந்து கொஞ்ச நாளு ஆயிருக்கும். காலையில வண்டியக் கழுவிக்கினு இருக்கேன். சைக்கிள் வருது, பின்னாடி கேரியர்ல அந்தப் பொண்ணு. எறங்குனதும் எனக்கு மீசைய முறுக்கிச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அந்தாளு சைக்கிள ஸ்டாண்டு போட்டுட்டு, "மேடம் இருக்காங்களா பெரியவரே"ன்னாரு.

"இல்லபா. போயிட்டாங்க."

"போயிட்டாங்களா, அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிட்டாங்க."

விழாவுக்கு அவரு சம்சாரம் யாருக்கும் சொல்லாம வந்து, கேட்டுக்கு வெளிய மறைவா நின்னு எல்லாத்தையும் கேட்டுதாம். வூட்டுக்குப் போயி சொல்லியிருக்குது. இவரு நம்பல. தறிக்காரங்க, பூக்காரம்மா, இப்படி நாலு பேரு சொல்லி, நாளு போயிப் போயிதான் மனசு எறங்கியிருக்குது. "நான் பேனரதான் கேட்டேன். அவங்க வேலைய கேக்கல"ன்னாரு. அப்பால, "எங்கயாவது பாத்தா சொல்லு, பொண்ண நானே இட்டாந்து விட்டேன்னு"ன்னு சொல்லிட்டு, பெடல அழுத்திக்கினு போயிட்டாரு.

நானும் தேடாம இல்ல. ஆபீசுல நம்பரு கேட்டேன், தெரியாதுன்னாங்க. அத்தி வரதரப் பாக்க ஊரே வந்துதே, அப்ப கட்டைக்கு இந்தப் பக்கம் வண்டிய நிறுத்திப்புட்டு, வர்ற ஜனத்துல ஒவ்வொரு மூஞ்சியா பாப்பேன். மேடம் அவங்க அம்மாவ இட்டுக்கினு வரமாட்டாங்களான்னு. வரல, இல்ல நான் பாக்கல. அந்த வேலையவே விட்டுட்டாங்க, இனிமே யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டேன்னு ஏதோ கடையில பில்லு போடறாங்கன்னு ஒருத்தரு சொன்னாரு. நெசமா பொய்யா தெரியாது. இங்க அடுத்த வருசம் அந்தக் கம்பெனி வேற ஊர்ல ஒரு ஸ்கூலப் புடிச்சிக்கிச்சு. சண்டை ஒண்ணும் இல்ல, சும்மா வரல. ரெண்டாவது வேனு நின்னு போச்சு. உத்திரமேரூர் பக்கத்துப் புள்ளைங்க ஒண்ணொண்ணா நின்னுடுச்சுங்க. ஒரு பொண்ணு உள்ள வந்துது, அத்தன புள்ளைங்க வெளிய போச்சுங்க. மேடம் செஞ்சது சரியான்னு யாராவது கேட்டா எனக்கு இன்னி வரைக்கும் சொல்ல வரல. சரின்னு சொல்ல வாயத் தொறந்தா அந்தப் புள்ளைங்க ஏறுற ஸ்டாப்பு கண்ணுல வருது. தப்புன்னு சொல்லலாம்னா, பேனருக்கு முன்னாடி அந்தம்மா குந்துன எடம் வருது.

அந்தப் பொண்ணு இப்ப பெருசாயிடுச்சு. மிசினு அப்பறம் ஒரு கேம்ப்புல கெடச்சுது. லேட்டாதான் கெடச்சுது, அதனால பேச்சு மத்த புள்ளைங்க அளவுக்கு வரல. ஆனா படிக்குது, எழுதுது. அவங்க அப்பனுக்குப் போன்ல மெசேஜ் அனுப்புது, அந்தாளு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கறாரு.

நீங்கலாம் படிச்சவங்க, ஆபீசுங்களுக்குப் போறவங்க. இந்த மாதிரி டிரஸ்டுங்களுக்கு கம்பெனியாண்ட போயி கேக்கற வேலை செய்யறவங்க உங்களுக்குத் தெரிஞ்சிருப்பாங்க. அவங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சிருக்கும்னு சொல்றாங்க. அவங்ககிட்ட சொல்லி வையுங்க. காஞ்சிபுரத்துல காது கேக்காத புள்ளைங்க ஸ்கூல்ல கொஞ்ச காலம் இருந்த மேடம், கேட்டுட்டு வாய மூடிக்கணும்னு சொல்லுவாங்களே, அந்த மேடம் இருந்தா, அந்தப் பொண்ண அவங்க அப்பனே சைக்கிள்ல இட்டாந்து விட்டான்னு சொல்லுங்க. அத்த மொதல்ல சொல்லுங்க. வேனு நின்னு போனத நீங்களா சொல்லாதீங்க. ஆனா கேப்பாங்க, அவங்க கேக்காம இருக்கமாட்டாங்க. கேட்டா மறைக்காதீங்க.